கசரீனின் இரவல் சட்டை: கோடுகள் படிந்துவிட்டன

இப்படியொரு சட்டையை இனி யார் கேட்டாலும் தீட்டித் தருவேன். 54 மில்லிமீட்டர் ரெசின் பொம்மை. ஆள் ஒராசியோ கசரீன், மெக்சிகோ கால்பந்து அணியின் முன்கள வீரர். 1950 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் ஆடிய கோலம். மெக்சிகோ அப்போது அணிந்தது பச்சை அல்ல, கருஞ்சிவப்பு. சுவிஸ்காரர்களும் சிவப்பு. ஆகவே உள்ளூர் குருசெய்ரோ கிளப்பின் நீல-வெள்ளைக் கோட்டுச் சட்டைகளை இரவல் வாங்கி இறங்கினார்கள். (பெலோ ஒரிசோன்டே நகரத்தின் பிரபல குருசெய்ரோ வேறு.)

கோட்டின் ஓரத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பை நம்பாதீர்கள். மார்பில் ஒட்டும், துணி மடிப்பில் தூக்கிக்கொள்ளும், நீலம் அடியில் கசியும். வெறுங்கையால்தான் போட வேண்டும். கழுத்துக்குக் கீழே நடுக்கோட்டை முதலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து இருபுறமும் போகலாம். இடுப்பில் சட்டையைச் செருகியிருக்கும் இடத்தில் கோடுகள் நெருங்க வேண்டும். அக்குளில் மடிப்போடு சேர்ந்து உடைய வேண்டும். நேராக இறக்கினால் சட்டை தகரம் மாதிரி விறைத்து நிற்கும். நீலத்தைச் சற்று அகலமாகவே போட்டு, காய்ந்தபின் சாம்பல் கலந்த வெள்ளையால் இரு ஓரங்களையும் செதுக்கினேன். சூட்சுமம் அதுதான். தூய வெள்ளை வேண்டாம். அதை மடிப்பின் மேட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ் விற்ற புண்ணியவானைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. மெல்லிய நுனிக்கான பூஜ்ய எண் என்று எழுதியிருக்கிறது. நுனியோ இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

முகத்தை இளமையாக்கவில்லை. கசரீனுக்கு அப்போது 32 வயது. மெக்சிகோவின் நெகாக்சா கிளப்பில் பதின்வயதிலேயே நட்சத்திரம். அட்லாண்டே கிளப்புடன் 1946-47 லீக் பட்டம். பிரேசிலில் மூன்று ஆட்டங்களிலும் மெக்சிகோ தோற்றது. சுவிஸ் ஆட்டத்தில் 2-1. அந்த ஒன்றை ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்தவர் இவர். வாயை இறுக மூடியே விட்டிருக்கிறேன்.

காற்சட்டையும் காலணியும் இன்னும் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு, நிற்கின்றன. மனமோ அதற்குள் 1939-க்குப் போய்விட்டது: நெகாக்சாவின் சிவப்பு-வெள்ளைக் கோடு, அஸ்டூரியாஸ் மைதானம். எதிரணியினர் கசரீனை உதைத்து வெளியேற்றிய ஆத்திரத்தில் ரசிகர்கள் அங்கே மரப் பார்வையாளர் மேடைக்கே தீ வைத்தார்கள். கருகிய பலகைக்கு ஐஸ் குச்சிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். சிவப்பு, வெள்ளையின் மேல் நீலத்தைப்போல ஒரே பூச்சில் மூடாது; அடியில் இளஞ்சிவப்பு ஒன்று பூசிப் பார்க்க வேண்டும்.