லௌத்ராபியார்க்: குப்புறப் படுத்துப் பார்க்க வேண்டிய பாறை

ஐஸ்லாந்தின் மேற்குக் கோடியில், 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கும் பாறைச் சுவர் இது. உச்சியில் 441 மீட்டர். போகும் வழியில் பாத்ரெக்ஸ்ஃபியோர்துர் ஊரிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். 612ஆம் எண் சாலையில் பெரும்பகுதி ஜல்லியும் குழியும்தான்; மெதுவாகப் போனால் டயர் தப்பும். சாலை முடியும் கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலேயே பறவைகள் தொடங்கிவிடும்.

விளிம்பில் நிற்காதீர்கள். வண்ண அலகுள்ள சிறு கடற்பறவைகளான பஃபின்கள் புல்லுக்கு அடியில் பொந்து தோண்டி முட்டையிடுபவை. மேலே கெட்டியாகத் தெரியும் தரை உள்ளே பொள்ளலாக இருக்கும், ஆள் நின்றால் சரிந்துவிடும். சற்றுத் தள்ளியே குப்புறப் படுத்து, ஊர்ந்து போய்த் தலையை மட்டும் நீட்டுங்கள். புல் எப்போதும் ஈரம், மழைக் கால்சட்டை அவசியம். காற்று கடலை நோக்கி வீசும் நாளில் விளிம்புப் பக்கமே போக வேண்டாம்.

பகலில் பல பஃபின்கள் கடலில் இருக்கும். இரவு 8 மணிக்கு மேல் வந்தால் கரை திரும்புவதைப் பார்க்கலாம். ஜூனில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆகஸ்ட் பாதிக்கு மேல் போனால் வெறும் பாறைதான்.

எல்லாரும் பஃபினோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பைனாகுலரைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அல்லவா பாறையின் உண்மையான குடித்தனக்காரர்கள் தெரிவார்கள்! கூரிய அலகோடு தோளுரசி நிற்பவை கில்லிமாட்கள் என்ற கடற்பறவைகள். மேல் அலகின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று இருந்தால் அது புரூனிக் கில்லிமாட். தடித்த அலகில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டது ரேசர்பில். 1844இல் இதே நாட்டின் எல்டே தீவில் கடைசி ஜோடியும் கொல்லப்பட்ட, பறக்காத கடற்பறவையான பெரிய ஆக்கின் நெருங்கிய உறவு இந்த ரேசர்பில்.

கில்லிமாட் கூடு கட்டாது. வெறும் பாறைத் திட்டில் ஒரே முட்டை, பேரிக்காய் வடிவம். உருண்டால் வட்டமடிக்கும், கீழே விழாது என்பது பழைய விளக்கம். சரிவில் அசையாமல் உட்காரவே அந்த வடிவம் என்கிறார்கள் இப்போது. முட்டைக்கு முட்டை நிறமும் கிறுக்கலும் மாறும். நெரிசலில் தன் முட்டையைத் தாய் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான்.

ஜூலையில் போகிறவர்களுக்கு யோகம். மூன்று வார வயதில், சிறகு முழுக்க வளராத கில்லிமாட் குஞ்சு அந்தி வேளையில் கடலை நோக்கிக் குதிக்கும். கீழே தகப்பன் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். பாறையில் மோதினாலும் பஞ்சு உடம்பு, பெரும்பாலும் எழுந்து தண்ணீருக்கு ஓடிவிடும். பிறகு இரண்டும் ஆழ்கடலுக்கு நீந்திப் போகும். தாய் கூடப் போவதில்லை.