பிரெஸ்டன் அவென்யூவில் ஒரு பலகை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்கு வருகிறவர்கள் முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் மாளிகையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். மறுநாள் காலை காபிக் கடை தேடி நடக்கும்போது, பிரெஸ்டன் அவென்யூவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. வெள்ளி நிறப் பலகையில் கறுப்பு எழுத்து, உச்சியில் வர்ஜீனியா மாநில முத்திரை. 'பக் எதிர் பெல்' வழக்கு. காபி மறந்துபோயிற்று.

கேரி பக் இந்த ஊர்ப் பெண். வளர்ப்பு வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தவளை, அந்த வீட்டாரின் உறவுக்காரன் ஒருவன் பலாத்காரம் செய்தான். அவள் கர்ப்பமானதும் வீட்டார் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்: மந்தபுத்தி என்று முத்திரை குத்தி, லிஞ்ச்பர்க் அருகே உள்ள அரசுக் காப்பகத்தில் தள்ளிவிட்டார்கள். அவளுடைய தாய் எம்மாவும் ஏற்கெனவே அங்கேதான் அடைபட்டிருந்தார்.

நல்ல வித்து, கெட்ட வித்து என்று மனிதர்களைப் பிரித்த இனமேம்பாட்டியல் அப்போது படித்தவர்களின் கொள்கை. கட்டாயக் கருத்தடைக்கு 1924-இல் வர்ஜீனியா சட்டம் போட்டது. அது நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது, கேரி அகப்பட்டாள். அவளுக்காக வாதாடிய வக்கீலே காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். வழக்கு எந்த லட்சணத்தில் நடந்திருக்கும்!

கேரியின் ஏழு மாதக் குழந்தை விவியனின் தோற்றத்தில் ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றார் சாட்சி சொன்ன சமூக சேவகி. அது போதுமானதாக இருந்தது. 1927 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று சட்டத்தை ஏற்றது. 'மூன்று தலைமுறை மூடர்கள் போதும்' என்று எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். அக்டோபரில் கேரிக்கு அறுவை நடந்தது.

விவியனை வளர்த்தது, கேரியைத் துரத்திய அதே குடும்பம். பள்ளியில் 1931-இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் வந்தது. கணக்கு மட்டும் சற்றுத் தகராறு, எனக்கும்தான். மறு ஆண்டு, எட்டு வயதில், நோய்வாய்ப்பட்டு இறந்துபோனாள்.

கேரியின் தங்கை டோரிஸுக்கும் 1928-இல் கத்தி வைத்தார்கள், குடல்வால் அறுவை என்று பொய் சொல்லி. திருமணமாகிப் பிள்ளைக்காக ஏங்கியவருக்கு உண்மை தெரிந்தபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

அமெரிக்காவில் இப்படி அறுக்கப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல். உலகப் போருக்குப் பின் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் நாஜிகள் தரப்பில் இந்தத் தீர்ப்பையும் காட்டி வாதாடினார்கள்.

கேரி இதற்குத் தெற்கே அடக்கமாகியிருக்கிறாள் என்று பலகை முடிகிறது. ஓக்வுட் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். விவியனும் அங்கேதான் இருக்கிறாள். விசாரிக்க ஆள் யாரும் இல்லை. வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன்.