இரண்டிலும் நான்கிலும் விழும் அடி

சேலம் அம்மாபேட்டையில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆறு ஆண்டுகள் கிட்டார் வாசித்தவன் நான்; இப்போது வாசிப்பதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ராக் அண்ட் ரோல் இசை என்றதும் நம் பத்திரிகைகள் கலகம், இளமை, தோளில் புரளும் தலைமுடி என்று ஆரம்பித்துவிடுகின்றன. (1950-களில் அமெரிக்காவில் அதைத் தொடங்கிவைத்தவர்கள் பலரும் நம் தாத்தாக்களைப் போலத் தலையைப் பளபளவென்று வாரியிருந்தவர்கள்தாம்.) வாசித்த எங்களுக்கோ அது முதலில் ஒரு கைவேலை.

கோயில் பஜனையிலும் சரி, கச்சேரி மேடைக்கு முன்னாலும் சரி, நாம் தாளத்தின் முதல் அடியிலேயே கைதட்டிப் பழகியவர்கள். ராக் அண்ட் ரோலில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும். எங்கள் டிரம்மர் அண்ணன் ஓர் ஒத்திகையில் என் கிட்டாரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “நாலு எண்ணு தம்பி. ஒண்ணுல காலைத் தட்டு, ரெண்டுலயும் நாலுலயும் கையைத் தட்டு” என்றார். அரை மணி நேரம் கை முதல் எண்ணுக்கே ஓடியது. பிறகு எப்போது அது இரண்டில் விழத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. இடுப்பு தானாக அசைந்ததைப் பார்த்து அண்ணன் சிரித்தார்.

அதற்கு மேல் தேவைப்படுவது பெரும்பாலும் மூன்று கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகள்) பன்னிரண்டு பார்களும்தான் (நாலு எண்ணினால் ஒரு பார்). நம் கணக்கில் சொன்னால் ‘ச’வில் நான்கு, ‘ம’வில் இரண்டு, மறுபடி ‘ச’வில் இரண்டு, ‘ப’வில் ஒன்று, ‘ம’வில் ஒன்று, கடைசியில் ‘ச’வில் இரண்டு. பியானோவில் இடது கை செய்த வேலையை அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரி கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அதை வாசிக்கச் சுண்டுவிரலை நீட்டி நீட்டி மடக்க வேண்டும். முதல் வாரம் மணிக்கட்டில் வலி உயிர்போகும்.

எழுத வந்த பிறகுதான் அவருடைய சொற்களைக் கவனித்தேன். 1958-இல் வெளிவந்த அவருடைய ‘ஜானி பி. குட்’ பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒரு குடிசை, எழுதப் படிக்கச் சரியாக வராத ஒரு பையன், தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மரம், மகன் ஒருநாள் பெரிய ஆளாவான் என்று நம்பும் ஓர் அம்மா என்று எல்லாரும் வந்துபோகிறார்கள்; அவன் மனத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. முதலில் ‘கறுப்பினப் பையன்’ என்று எழுதியதை, வானொலியில் ஒலிக்க வேண்டுமே என்பதற்காக, ‘நாட்டுப்புறத்துப் பையன்’ என்று அவர் மாற்றினார். 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு விண்வெளிக்குப் போன இசைத்தட்டில் உள்ள இந்தப் பாட்டில் ஒலிப்பதும் அந்த மாற்றிய சொல்தான் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2016-இல் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்தபோது, பாட்டு இலக்கியமா என்று நண்பர்கள் அடித்துக்கொண்டார்கள். பெர்ரியின் பாட்டைக் கேட்டிருந்தால் அந்தச் சண்டையே வந்திராது.

போன மாதம் ஏற்காடு பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு போனேன். மேலே போய் இறங்கியதும் ஏரிக்கரையில் உட்கார்ந்து, டிரம்மர் அண்ணனைப் பற்றி எழுதிவைத்திருந்த கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களை அடித்து நீக்கினேன். அவற்றில் மூடுபனியும் சேர்வராயன் மலையும் என் ஏக்கமும்தான் இருந்தன. இப்போது கட்டுரை, அவர் கச்சேரிக்கு முன் ஸ்னேர் டிரம்மின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்குவதில் தொடங்குகிறது.

அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்து முடித்தவர், “அன்னிக்கு நான் நீலச் சட்டை போடலியே தம்பி, வெள்ளைதானே?” என்று மட்டும் கேட்டார். திருத்திவிட்டேன்.