மணிக்கு 33.49 டாலர்

“அப்படியானால் நான் அறங்காவலர்களைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன், இல்லையா?” என்று எங்கள் அருங்காட்சியகத்தின் தன்னார்வலர் ஒருவர் கேட்டபோது சிரித்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சிரித்திருந்தால் அது வேடிக்கைப் பேச்சு. நான் சொன்ன பதிலே போதும். சிரிக்காமல் கேட்டிருந்தால், நான் அவர் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் கையில் எங்கள் ஆண்டறிக்கை இருந்தது. அதில் ஒரு வரி நான் எழுதியது. அந்த ஆண்டு தன்னார்வலர்கள் உழைத்த மொத்த மணி நேரம், பக்கத்தில் அதன் டாலர் மதிப்பு. இண்டிபெண்டன்ட் செக்டர் என்ற அமைப்பு தன்னார்வலரின் ஒரு மணி நேரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு விலை வெளியிடுகிறது. 2023-ஆம் ஆண்டுக்கு அது 33.49 டாலர். அமெரிக்காவில் எங்களைப் போன்ற சிறிய அருங்காட்சியகங்கள் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் இந்த எண்ணைத்தான் போடுவோம். தனியார் துறைத் தொழிலாளர்களின் சராசரிக் கூலியோடு சலுகைகளையும் சேர்த்துக் கண்ட எண் அது. எட்டு வயதுப் பிள்ளைகளை ஓர் ஓவியத்தின் முன் கால்மணி நேரம் உட்காரவைக்கும் வேலைக்கென்று யாரும் தனியாகக் கணக்குப் போட்டதில்லை.

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக் குழந்தைகளுக்கு வழிகாட்டியாக வருபவர். காட்சிக்கூடத்துக்குள் பேனா கூடாது என்பதால் வழிகாட்டிகள் எல்லோரும் பென்சில்தான் வைத்திருப்பார்கள். அந்தப் பென்சிலால் ஆண்டறிக்கையின் ஓரத்திலேயே பெருக்கியிருந்தார். 200 மணி நேரம், 33.49, விடை 6,698. அதற்குக் கீழே 5,000. எங்கள் அறங்காவலர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குத் தாமே கொடுக்கவோ பிறரிடம் திரட்டித் தரவோ வேண்டிய குறைந்தபட்சத் தொகை அது. கழித்து, 1,698 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார்.

“அது விண்ணப்பங்களுக்காகப் போடும் எண். நிதியறிக்கையில் வராது” என்றேன்.

“வராது என்று தெரியும். அச்சடித்திருக்கிறீர்களே” என்றார். அதற்குள் வாசலில் பள்ளி பஸ் வந்து நின்றது. அவர் போய்விட்டார்.

நான் சொன்னது உண்மைதான். இங்குள்ள கணக்கியல் விதிப்படி, தன்னார்வ உழைப்பு நிதியறிக்கையில் ஏற வேண்டுமானால் அது ஒரு சொத்தை உருவாக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தனித் தேர்ச்சி தேவைப்படும் வேலையாக, அத்தேர்ச்சி உள்ளவர் செய்ததாக, இலவசமாகக் கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வழக்கறிஞர் ஒருவர் எங்களுக்கு இலவசமாக ஒப்பந்தம் எழுதித் தந்தால் கணக்கில் வரும். வழிகாட்டியின் செவ்வாய்க்கிழமை பெரும்பாலும் வராது. தணிக்கையாளர் ஆண்டுதோறும் இதை எனக்கு விளக்குவார், நானும் தலையாட்டுவேன்.

வருமான வரிக்காரர்கள் இன்னும் கறார். ஓர் அறங்காவலர் ஓராண்டுக்கு மேல் தம்மிடம் இருந்த ஓவியத்தை எங்கள் சேகரிப்புக்குக் கொடுத்தால், அதன் சந்தை மதிப்பை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்; 5,000 டாலரைத் தாண்டினால் மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். தன்னார்வலரின் நேரத்துக்கு ஒரு சென்ட்கூடக் கழிவு கிடையாது. கார் ஓட்டி வந்ததற்கு மட்டும் மைலுக்கு 14 சென்ட். தொழில் நிமித்தம் ஓட்டும் காருக்கான தொகையை வரித்துறை காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வருகிறது. இந்த 14 சென்ட்டையோ சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், 1998 முதல் அசையவில்லை. ஆக, அரசாங்கத்தைக் கேட்டால் அவருடைய மணி நேரத்துக்கு விலை இல்லை. எங்களைக் கேட்டால், நிதி வாங்கும்போது 33.49, பிற்பாடு ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைச் சொல்கிறோம். அவர் இரட்டைக் கோடு போட்டது இதற்காக இருக்கலாம். அல்லது ஆசிரியைகளின் கைப்பழக்கமாகவும் இருக்கலாம்.

அறங்காவலர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர்களை வெறும் பணப்பை என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஓர் ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை மாலை எங்கள் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. ஈரப்பதம் 50 சதவிகிதத்தை ஒட்டி நிற்க வேண்டிய கூடத்தில் அது ஏறிக்கொண்டே போனது. மரப்பலகையில் தீட்டிய ஓவியங்கள் இரண்டு அங்கே இருந்தன. ஈரத்தில் பலகை உப்பினால் மேலே இருக்கும் வண்ணம் வெடித்து உதிரும். பொருளாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் யாரிடமும் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தம் சொந்தக் கடன் அட்டையில் வாடகை இயந்திரத்துக்குப் பணம் கட்டி, லாரி வந்து சேரும்வரை பின்வாசலில் நின்றார். திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: பராமரிப்பு ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை? நியாயமான கேள்வி. அருங்காட்சியகம் கடனில் மூழ்கினால் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான், வழிகாட்டிகள் அல்ல. பொறுப்பு உள்ள இடத்தில் முடிவெடுக்கும் ஓட்டும் இருக்கிறது என்பது அப்படியொன்றும் அநியாயம் இல்லை.

ஆனால் அந்த ஆசிரியை ஓட்டுக் கேட்டாரா என்ன?

உறுப்பினர்களுக்கே ஓட்டு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் மிச்சிகன் மாநிலச் சட்டப்படி இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று உறுப்பினர் அடிப்படையிலும் அமையலாம், இயக்குநர் அடிப்படையிலும் அமையலாம். நாங்கள் இரண்டாவது வகை, ஓட்டு அறங்காவலர்களுக்கு மட்டும்தான். ஆண்டுச் சந்தா கட்டுபவருக்கு இலவச நுழைவு, கடையில் பத்து சதவிகிதத் தள்ளுபடி, கோடை ஓவிய வகுப்பில் சலுகை. பெரும்பாலோர் அந்தக் கோடை வகுப்புக்காகத்தான் சேருகிறார்கள், பிள்ளை வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். அதில் தவறில்லை. மாசசூசெட்ஸில் பெர்க்‌ஷயர் அருங்காட்சியகம் 2017-இல் நார்மன் ராக்வெல்லின் ஓவியங்கள் உட்பட 40 படைப்புகளை விற்கப் புறப்பட்டபோது, எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அதன் உறுப்பினர்களும் இருந்தார்கள், ராக்வெல்லின் மகன்களும் இருந்தார்கள். வழக்குத் தொடுக்கும் தகுதியே அவர்களுக்கு இல்லை என்றார் நீதிபதி. மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்ற அனுமதியோடு விற்பனை நடந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் ஊரும் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. 2012-இல் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்துக்காக மூன்று மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் சொத்து வரியை உயர்த்திக்கொண்டார்கள். 1,50,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 15 டாலர். பதிலுக்கு அந்த மாவட்டத்தாருக்கு நுழைவு இலவசம். அடுத்த ஆண்டே நகரம் திவாலாகி, ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பொதுமக்கள் இது எங்கள் சொத்து என்று உரக்கச் சொன்னதற்கு அந்த 15 டாலரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஓவியங்களைக் காப்பாற்றியது அந்த 15 டாலர் அல்ல. அறக்கட்டளைகளும் மாநில அரசும் சேர்ந்து கொடுத்த பெரும் தொகையும், அருங்காட்சியகம் தன் பங்காகத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட 10 கோடி டாலரும்தான் காப்பாற்றின. 10 கோடியைத் திரட்ட யாரிடம் போவார்கள்? சுற்றிச் சுற்றி மறுபடியும் காசோலை எழுதுகிறவர்களிடமே வந்து நிற்கிறேன்.

அந்த ஆசிரியை வேலை செய்வதை ஒரு முறையாவது பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கூச்சமாக இருக்கும். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, தான் ஒரு மடக்கு முக்காலியில் அவர்கள் உயரத்துக்கு இறங்கி உட்கார்வார். ஓவியரின் பெயரைச் சொல்ல மாட்டார். “இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?” என்பார். யாராவது ஒரு பையன் “அந்த அம்மா அழுகிறாள்” என்றால், “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” பையன் எழுந்து கிட்டே போய், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காட்டுவான். விரல் நீட்டக் கூடாதென்று முதலிலேயே சொல்லிவிடுவதால் முகவாயால் காட்டுவான். “வேறென்ன தெரிகிறது?” கேள்விகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல, பல அருங்காட்சியகங்களில் புழங்கும் முறைதான். கேட்டுவிட்டு அவர் காத்திருப்பதுதான் அவருடையது. ஒரு பெண் குழந்தை எதுவும் பேசாமல் ஷூ நாடாவைத் திருகிக்கொண்டிருந்தாள். மற்ற வழிகாட்டிகள் என்றால் அடுத்த ஓவியத்துக்கு நகர்ந்திருப்பார்கள். இவர் நகரவில்லை. கூடவே வந்த ஆசிரியருக்குத்தான் தர்மசங்கடமாகிவிட்டது. கடைசியில் அந்தக் குழந்தை “ஜன்னல் திறந்திருக்கிறது” என்றாள். அதுவரை அந்த ஜன்னலை நான் கவனித்ததில்லை.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது சிகாகோதான் அவர் மனத்தில் இருந்ததோ என்றும் தோன்றும். 2021 செப்டம்பரில் சிகாகோ கலை நிறுவனம் தன் தன்னார்வ வழிகாட்டிகள் சுமார் 80 பேரை ஒரு கடிதத்தில் விடுவித்தது. நன்றிக்கு அடையாளமாக இரண்டு ஆண்டு இலவச உறுப்பினர் அட்டை. ஊதியம் பெறும் வழிகாட்டிகளை அமர்த்தினால், பகலில் வேலைக்குப் போகாமல் இருக்கும் வசதியுள்ளவர்கள் மட்டுமே இந்தப் பணிக்கு வரும் நிலை மாறும் என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. எங்கள் வழிகாட்டிகள் கூட்டத்தில் வெள்ளையரல்லாத முகம் பெரும்பாலும் என்னுடையதாகவே இருக்கும், நானோ சம்பளக்காரன். ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தன்னார்வலர்கள் என்னைப் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது. மணிக்கு 33.49 என்று அச்சடித்தால், அதை நாங்கள் மிச்சப்படுத்திய பணமாகவும் படிக்கலாம், யாரோ ஒருவர் இந்த வேலைக்குக் கேட்கக்கூடிய சம்பளமாகவும் படிக்கலாம்.

ஊரில் உழவாரப் பணிக்குப் போகிறவர்கள் கோபுரத்தில் முளைத்த செடியைப் பிடுங்கிவிட்டு, பிரசாதம் சாப்பிட்டு, பஸ் ஏறிவிடுவார்கள். அறங்காவலர் குழுவில் யார் என்று கேட்டதில்லை. இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு தடவைகூட அவர்களோடு போனதில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆசிரியை வருகைப் பதிவேட்டில் மணி நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டார். வருகிறார், சுற்றிக் காட்டுகிறார், போகிறார். பெயருக்கு நேரே கட்டம் காலி. மத்திய அரசு நிதியில் எங்கள் பங்காகத் தன்னார்வ உழைப்பைக் காட்ட வேண்டுமென்றால், சம்பளக்காரர்களின் நேரத்துக்கு எப்படி ஆவணம் வைக்கிறோமோ அப்படியே இதற்கும் வைக்க வேண்டும். காலிக் கட்டத்தைக் காட்ட முடியாது. பணிப்பட்டியலைப் பார்த்து நானே நிரப்பலாமா என்று கேட்டேன். “வேண்டாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கப் காபி வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

பொருளாளர் அடுத்த அறிக்கையில் மணி நேரம் ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டார். சிலர் எழுதுவதில்லை என்றேன். எழுதவையுங்கள் என்றார். ஆண்டறிக்கையிலிருந்து டாலர் மதிப்பை எடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடினேன். எடுத்துவிட்டோம். விண்ணப்பங்களில் இன்னும் இருக்கிறது. அதை எடுத்தால் நிதி குறையும், நிதி குறைந்தால் பள்ளி பஸ்ஸுக்கு நாங்கள் கொடுக்கும் கட்டணம் குறையும், பஸ் இல்லாமல் செவ்வாய்க்கிழமை இல்லை.

பிறகு இன்னொன்றும் செய்தேன். அறங்காவலர் குழுவில் ஓர் இடம் தன்னார்வலருக்கு என்றும், அவருக்கு 5,000 டாலர் விதி பொருந்தாது என்றும் நியமனக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். எதிர்ப்பு வரும் என்று ஆயத்தமாகப் போனேன், வரவில்லை. ஏன் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்றார் பொருளாளர். இடத்தை முதலில் ஆசிரியைக்கே கொடுத்தோம். கூட்டங்கள் மாலை ஏழு மணிக்கு நடக்கின்றன, இருட்டியபின் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன் என்று சொல்லி மறுத்துவிட்டார். யாராவது அழைத்து வருகிறோம் என்றோம். சிரித்தார், இந்த முறை சந்தேகமில்லை, சிரித்தார். ஆனாலும் வரவில்லை.

அந்த இடத்துக்கு இப்போது சனிக்கிழமை வழிகாட்டி ஒருவர் வந்திருக்கிறார், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். விதி தமக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெளிவாகச் சொன்னோம். முதல் கூட்டம் முடிந்ததும் 5,000 டாலருக்குக் காசோலை எழுதி என்னிடம் நீட்டினார். மற்றவர்கள் எல்லோரும் கொடுக்கும்போது தாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லையாம். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தேன்.