மூச்சு இருக்கும்வரை

மார்ச் 4
ரிப்போர்ட் வரவில்லை. இரவு மறுபடியும் இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படம். ரயிலுக்குக் காத்திருக்கும் மூன்று பேர். பின்னணி இசை கிடையாது, காற்றாலை கிறீச்சிடுவது போன்ற சத்தங்கள்தான். மூவரில் ஒருவரான வூடி ஸ்ட்ரோடின் மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்டுகிறது. நகர மாட்டார். தொப்பியை மாட்டிக்கொள்கிறார். சொட்டின் சத்தம் மாறுகிறது. விளிம்பில் தேங்கியதை ரயில் வந்த பிறகு குடிக்கிறார்.

மார்ச் 5
சொட்டு. தூக்கம் இல்லை.

மார்ச் 7
இந்த முகங்கள் இவ்வளவு கிட்டத்தில் வருவதற்கு டெக்னிஸ்கோப் என்ற படப்பிடிப்பு முறை ஒரு காரணம். 35 எம்.எம். பிலிமில் ஒரு பிரேமின் உயரம் வழக்கமாக ஓரத்துத் துளைகளில் 4, இதில் 2. 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும். சினிமாஸ்கோப் அகலம் கிடைக்கும், ஆனால் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் லென்ஸ் வேண்டாம். அந்த லென்ஸில் கிட்டப் போனால் முகம் உப்பிப் போகும். சாதாரண லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை. குவியத் தூரம் குறைந்த லென்ஸே போதும் என்பதால் முன்னால் கண்ணும் பின்னால் பாலைவனமும் சேர்ந்தே துலங்கும். நெகட்டிவ் பாதியாகிவிடுவதால் பிலிமின் துகள் பெரிதாகத் தெரியும், அதுதான் விலை. பிரதிக்குப் பிரதி எடுத்த மோசமான காப்பியில் பார்த்துவிட்டு டோனினோ டெல்லி கோல்லியின் ஒளிப்பதிவைக் குறை சொல்லாதீர்கள், தயவுசெய்து.

மார்ச் 8
வில்லன் ஃப்ராங்காக நடிக்க ஹென்றி ஃபோண்டா மீசையும் பழுப்பு கான்டாக்ட் லென்ஸுமாக வந்து நின்றாராம். லியோனே இரண்டையும் எடுக்கச் சொன்னார். நல்லவனாகவே பார்த்துப் பழகிய அந்த நீலக் கண்கள்தான் குழந்தையைச் சுட வேண்டும்.

மார்ச் 9
போன் அடித்தது. ராங் நம்பர்.

மார்ச் 11
என்னியோ மோரிகோனே இசையை முன்பே எழுதிவிட்டார். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடித்தார்கள். கடைசி மோதலில் கால்கள் அதற்குத்தான் நடக்கின்றன.

ஆனால் என்னை விடாதது மவுத் ஆர்கன். ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். பழைய நினைவில் கைகள் கட்டப்பட்ட சிறுவன், அவன் தோள்மேல் நிற்கும் அண்ணனின் கழுத்தில் தூக்குக் கயிறு. சிறுவனின் வாயில் மவுத் ஆர்கனை ஃப்ராங்க் திணிக்கிறான். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, மூச்சு இருந்தால் போதும். அதுவரை நினைவில் கலங்கலாகவே வந்துகொண்டிருந்த ஃப்ராங்கின் உருவம் அங்கேதான் தெளிகிறது. “நீ யார்?” என்று ஃப்ராங்க் கேட்கும்போதெல்லாம் செத்தவர்களின் பெயரையே சொல்லிவந்த சார்லஸ் பிரான்சன், அதாவது வளர்ந்துவிட்ட அந்தச் சிறுவன், இப்போது பேசவில்லை. அந்த மவுத் ஆர்கனையே சாகும் ஃப்ராங்கின் வாயில் வைக்கிறார்.

மார்ச் 12
சொட்டு நின்றிருக்கிறது. மூச்சுச் சத்தம் மட்டும்