முதல் வகுப்பிலேயே 1930

தகவல் பாதுகாப்புத் தாளை முதன்முறையாக நடத்தப் போகும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்தில் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தாளைச் சில ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். பாடத்திட்டம் ரகசியத்தன்மை, முழுமை (தகவல் யாராலும் மாற்றப்படாமல் இருப்பது), கிடைக்கும்தன்மை என்ற மூன்று கோட்பாடுகளில்தான் தொடங்கும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதல் வகுப்பில், ஆன்லைன் பண மோசடியைப் புகார் செய்யும் தேசிய உதவி எண்ணான 1930-ஐப் பலகையில் எழுதி, எல்லோரையும் போனில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஒருவரின் அப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. இன்னொருவர் வீட்டில் அம்மாப்பேட்டைத் தறி. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் அம்மா, ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குப் போகும் அம்மா. கரன்ட் பில் கட்டுவது, பணம் அனுப்புவது, வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் படித்துச் சொல்வது எல்லாம் அந்த வீடுகளில் இந்தப் பிள்ளைகள்தான். இவர்களுக்குச் சொல்லித்தருவது குடும்பத்தின் சேமிப்புக்கே காவல்.

1930-ஐ ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பறிபோன பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். அதற்குள் தகவல் போனால் மிச்சத்தையாவது வங்கிகள் முடக்கிவைக்க முடியும். அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். அந்த எண் யூபிஐ செயலியில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தங்கள் போனிலேயே தேடட்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையையும் சொல்லுங்கள். வாடிக்கையாளரே ஓடிபியைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே ‘நான்தானே கொடுத்தேன்’ என்று நினைத்து வாயை மூடிக்கொள்வதில் நஷ்டம் கூடத்தான் செய்யும்.

பிள்ளைகளை அதிகம் கெடுப்பது அந்த மௌனம்தான். பார்ட் டைம் வேலை என்று நம்பி ஹாஸ்டல் கட்டணத்தை இழந்த மாணவி ஒருத்தி பல நாள் கழித்துத்தான் வந்து சொன்னாள். “வீட்ல தெரிஞ்சா படிப்பையே நிறுத்திருவாங்க மேடம்” என்றாள். ‘ஏம்மா கொடுத்தே?’ என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்து, புகார் எழுதவைத்தேன். பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு விதி: ஏமாந்தேன் என்று சொல்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. எப்போது, எவ்வளவு, எந்த வங்கி என்று மட்டும் கேட்க வேண்டும். இதே காரணத்தால், மாணவர்களுக்குச் சொல்லாமல் போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கும் பயிற்சியும் எனக்கு உடன்பாடில்லை. நாமே ஏமாற்றினால் நாளைக்கு நம்மிடம் யார் வந்து சொல்வார்கள்?

ஒரு முழு வகுப்பை ‘அக்கவுண்ட் வாடகை’க்கு ஒதுக்குங்கள். சில ஆயிரம் ரூபாய் தருகிறோம், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடு என்று கேட்டு வருவார்கள். அந்தக் கணக்கு வழியாகத்தான் திருட்டுப் பணம் நகரும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். “நான் அந்தப் பணத்தைத் தொடவே இல்லையே” என்ற பதில் காப்பாற்றாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவு, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு வழக்கில் பெயர் வருவதே பெரிய அடி.

கைப்பயிற்சிக்கு போனே போதும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்புகள்), உள்ளே போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். போன் செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து, எஸ்எம்எஸ் அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கட்டும். பாஸ்வேர்டு பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை: நீளமாக இருக்கட்டும், ஓரிடத்தில் வைத்ததை இன்னோரிடத்தில் வைக்காதே, முக்கிய மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடு.

மாணவிகளுக்கு வரும் மிரட்டலைத் தயங்காமல் பேசுங்கள். அந்தரங்கப் படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டினால், தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை, படத்தை வாங்காமல் அதன் ஹாஷை (படத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளக் குறியீட்டை) மட்டும் போனிலேயே கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. அந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தடுக்கும். இதைச் சொன்ன அன்றுதான் ஹாஷ் சார்பு வகுப்புக்குப் புரிந்தது. புத்தகத்து ஹாஷில் ஒரு பிட் மாறினாலும் விடை முழுக்க மாறிவிடுமே, படத்தைச் சற்று வெட்டினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். படங்களுக்கென்று, ஒத்த படங்களுக்கு நெருங்கிய விடை தரும் தனி வகை ஹாஷ் உண்டு என்று அங்கிருந்தே தொடர்ந்தோம். மூன்று கோட்பாடுகளையும் இப்படி அவர்கள் சொன்ன சம்பவங்களிலேயே பொருத்தினால் பல்கலைக்கழகத் தேர்வில் தாமாகவே எழுதுவார்கள்.

அக மதிப்பெண்ணுக்கு வரையறை கேட்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு விளக்கி, அவர் திருப்பிக் கேட்ட கேள்வியை எழுதிவரச் சொல்லுங்கள். ஏற்காட்டு மாணவி ஒருத்தி அம்மாவின் கேள்வியைக் கொண்டுவந்தாள்: “தப்பா உங்க கணக்குக்குப் பணம் வந்துருச்சு, திருப்பி அனுப்புங்கன்னு ஒருத்தன் கேட்டா என்ன பண்றது?” அது திருட்டுப் பணமாகவும் இருக்கலாம், எதுவுமே வராமல் போலி எஸ்எம்எஸ் மட்டும் வந்திருக்கவும் கூடும். முதலில் வங்கிக் கணக்கிலேயே இருப்பைப் பார்க்க வேண்டும். வந்திருந்தால் நாமாக அனுப்பாமல் வங்கிக்குத் தெரிவித்து, அவர்கள் வழியாகவே திருப்ப வேண்டும். இந்தக் கேள்வியை இப்போது ஒவ்வொரு பருவத்திலும் வகுப்புக்குக் கொடுக்கிறேன்.