வாட்டம் பார்த்து வளர்த்த புல்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்புறத்தை அம்மா இன்னும் கொல்லை என்றுதான் சொல்வார். மண் இருந்த காலத்துப் பெயர் அது. மழைக்குச் சேறாகிறதென்று அப்பா எப்போதோ முழுவதும் கான்கிரீட் போட்டுவிட்டார். மே மாதத்தில் வெறுங்காலோடு அங்கே நடந்தால் கால் கொப்பளிக்கும். அதில் 12 அடிக்கு 9 அடி இடத்தைப் புல்தரையாக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் இறங்கினேன்.

முதலில் மனத்தில் இருந்தது மொட்டைமாடி. கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டேன். ஆறு அங்குல ஈரமண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ வரும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பாரமோ சதுர மீட்டருக்கு 150 கிலோதான். பழைய வீட்டின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற எனக்குத் துணிவில்லை. கொல்லைக் கான்கிரீட் தரைமீதே கிடப்பதால் அந்தக் கவலை இல்லை.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்குத்தான் வெட்கம். சுற்றிச் செங்கல் அடுக்கி, செம்மண்ணை நேராகக் கான்கிரீட்டின்மேல் கொட்டி, புல் நட்டேன். ஆகஸ்டில் நாலைந்து மாலை மழை. மேலே பச்சை, கீழே சாக்கடை நாற்றம். ஒரு பிடி பெயர்த்துப் பார்த்தால் வேர் கறுத்து வழுவழுவென்று இருந்தது. புல் நீரில்லாமல் சாகவில்லை, நீர் வெளியேற வழியில்லாமல் செத்தது. அத்தனை மண்ணையும் திரும்பச் சாக்கில் அள்ளிய இரண்டு நாளும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது தேவலை.

காணொளிகளில் பலர் சொன்னது போலக் கான்கிரீட்டில் ஓட்டை போட்டு நீரைக் கீழே இறக்கலாம் என்று கொத்தனாரை அழைத்தேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "மிக்ஜாம் புயலில் இதில் தண்ணீர் எங்கே நின்றது, சார்?" என்றார்.

"குனிந்தால் கைக்கு எட்டியது."

"அப்படியானால் நீங்கள் போடச் சொல்லும் ஓட்டை தண்ணீர் இறங்கவா, ஏறவா?"

ஓட்டைத் திட்டம் அங்கேயே முடிந்தது. அடுத்து ஒரு வாளி நீரைத் தரையில் ஊற்றச் சொன்னார். நீர் யோசிக்காமல் சமையலறைச் சுவரை நோக்கிப் போனது. இத்தனை ஆண்டுகளாக அந்தச் சுவரில் ஓதம் ஏறியதற்குக் காரணமும் அன்றுதான் தெரிந்தது. "தரைக்கு வாட்டம் இல்லை, அதனால்தான் புல்லுக்கு வாட்டம்" என்றார். கொத்தனார் பேச்சில் வாட்டம் என்றால் நீர் ஓடுவதற்கான சரிவு. சிலேடை என்று தெரிந்து சொன்னாரா, தொழில் பேச்சில் தானாக வந்ததா என்று இன்றும் தெரியாது.

வேலை இப்படி நடந்தது. பழைய தரையைக் கொத்திவிட்டு அதன்மேல் கலவை போட்டு, 12 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலச் சரிவில் பக்கத்துக் கால்வாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்தார். வீட்டுச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, மூன்று வரி செங்கல்லில் ஒன்பது அங்குலக் கட்டைச்சுவர் எழுப்பி உட்புறம் பூசினார். தாழ்ந்த பக்கத்தில் தரையோடு தரையாக இரண்டு அங்குலக் குழாய் இரண்டு, வாயில் கம்பி வலை. அதற்குள் இரண்டு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. வீடு இடித்த கட்டடக் கழிவை இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். சிமென்டும் சுண்ணாம்பும் ஒட்டிய துண்டுகள் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். ஜல்லியின்மேல் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. அதற்குமுன் நிழல்வலையைப் போட்டுப் பார்த்தேன். அதில் மண் சலித்துக்கொண்டு இறங்கியது.

மண் 54 கன அடி, அதாவது நூறு கன அடி கொண்ட லாரிக் கணக்கு யூனிட்டில் அரைக்குச் சற்று மேல். லாரி சந்துக்குள் நுழையாது. தெருமுனையில் கொட்டி மூட்டை மூட்டையாகத் தூக்கினோம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழு உரம், கொஞ்சம் மணல். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு முறை அலசியே கலக்க வேண்டும்.

புல் வாங்க மாதவரம் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். பெர்முடா என்று தந்ததை அம்மாவிடம் காட்டினேன். "இது பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல். இதற்கா காசு கொடுத்தாய்?" என்றார். அவர் சொன்னது சரிதான். தாவரவியலில் இரண்டும் சினோடான் டாக்டைலான். செப்டம்பர் கடைசியில் தண்டுகளை நான்கு அங்குல இடைவெளியில் நட்டேன். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவார்கள். என் அருகு ஓடுவதற்கு இருந்தது ஆறு அங்குலம்.

அக்டோபர் 15 அன்று பெருமழை. குடையோடு போய்க் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் செக்கச்செவேல் என்று வந்தது, பிறகு தேநீர் நிறம், மாலைக்குள் தெளிந்துவிட்டது. மண் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது, திரும்ப நிரப்பினேன். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது தெரு நீர் கொல்லைக்குள் வந்தும் புல்மேடை தப்பியது. சமையலறைச் சுவரும் அந்த ஆண்டு காய்ந்தே இருந்தது. எனக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி.

கோடையில் நான் செய்த தவறு வேறு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடலோரத்துக்கே உரிய உவர்ப்பு. அதைக் குடிக்கச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்காமல் புல்லுக்கு ஊற்றினேன். சிக்கனம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டது மூன்று வாரம். கிணற்று உப்பை இன்னும் அடர்த்தியாக்கி வெளியேற்றுகிற நீர் அது என்று யோசிக்கவில்லை. ஆறு அங்குல மண் விரைவில் காய, உப்பு மட்டும் தங்கியது. கட்டைச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது, புல் நுனிகள் கருகின. குடிநீர் வாரிய நீரைக் குழாயில் வழியும்வரை நாலைந்து முறை தேக்கி விட்ட பிறகுதான் புது இலை வந்தது. அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருந்தது. கான்கிரீட்டை ஒட்டிய விளிம்பு அப்படியும் பழுத்தது. சுற்றுத்தரையில் ஈரச்சாக்கு விரித்துச் சமாளித்தேன்.

இன்றைய நிலவரம்: நடுவில் கால் புதைகிற அளவுக்கு அடர்த்தி. பக்கத்து வீட்டு மாடி நிழல் விழும் இரண்டடி மட்டும் சொட்டை. அருகுக்கு முழு வெயில் வேண்டும், உரம் போட்டு அங்கே பயனில்லை. அந்த இடத்தில் நிழல் தாங்கும் எருமைப்புல்லை (செயின்ட் அகஸ்டின் புல்) வைத்துப் பார்க்கப் போகிறேன். அது பரவுவதற்குள் அம்மா பிள்ளையார் மாலைக்கென்று நல்ல பகுதியில் கை வைக்காமல் இருக்க வேண்டும். போன சதுர்த்திக்குப் பறித்த இடம் நிரம்ப ஒரு மாதம் ஆனது.